சீல் குத்தாத துண்டு

மகன்,

இந்தக் கடிதத்தோடு அப்பா ஒரு பையும் கொண்டு வருகிறார். நீ கேட்ட ஐந்து கொப்பிகளும் அதற்குள் இருக்கின்றன. அவற்றை இப்போது திறக்காதே, முதலில் இதை வாசி. பலகாரத் தட்டைக் கண்டால் செபத்தைப் பாதியில் விட்டுவிடுகிற பிள்ளை நீ, அதனால் இரண்டாம் தரமும் சொல்கிறேன், முதலில் இதை வாசி. நீ வாசிக்கும்போது அப்பா உனக்கு எதிரில் கதிரையில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒன்றும் கேட்காதே. இதில் இருப்பதை வாயால் சொல்ல அவருக்கு வெட்கம், நான் எழுதுவதற்கு மட்டும் சம்மதம் தந்திருக்கிறார். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏழெட்டு மணித்தியால பஸ் பயணம் அவருடைய முதுகுக்கு ஆகாது, ஆரிடமாவது கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் குசினி வாசலில் வந்து நின்று, "எல்லாத்தையும் எழுதுறியோ?" என்று கேட்டுவிட்டார். ஓம் என்றேன். "அப்ப வடிவா எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்த நேரம் நீ போன் எடுத்தாய். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, சேலை விஷயமாக ஏதோ கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ சொன்னது இதுதான். "அம்மா, வீட்டு அட்வான்ஸுக்கு நானும் நிரோஜாவும் சேர்த்த காசு கையில கிடக்கு. அதைக் குடுத்தா ஒரு அறையும் குசினியும்தான் கிடைக்கும். வாற சனிக்கிழமை ஒரே ஒரு நாள், ஒரே ஒரு குதிரை. அப்பா மாதிரி. பேந்து வாழ்நாளில தொடமாட்டன்." நிரோஜாவுக்குத் தெரியுமோ என்று கேட்டேன். "வெண்டாப் பிறகு சொல்லுவம்" என்றாய். பிறகு, அப்பாவின் பழைய குதிரைக் கொப்பிகள் அலுமாரியில் இருக்கும், அனுப்பிவிடுங்கோ, அவர் எப்படிப் பார்த்தவர் என்று தெரிந்தால் போதும் என்றாய். நான் உன்னை ஏசவில்லை. நல்லது, தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அம்மா சம்மதித்துவிட்டா என்று நீ நினைத்திருப்பாய். நான் அலுமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பற்றிய அந்தக் கதையை நீ ஏழு வயதிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறாய். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற அப்பா, ஒரு நத்தார் மாதம், ஊரில் ஒருத்தரும் சீண்டாத ஒரு கிழட்டுக் குதிரைக்குக் காசு கட்டினார். ஒன்றுக்கு நாற்பது வந்தது. அந்தக் காசில் கிடுகுக் கூரையைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டார். அதற்குப் பிறகு ரேஸ் புக்கிக் கடையின் படியை மிதிக்கவே இல்லை. நிச்சயதார்த்தத்தன்று நிரோஜாவின் மாமாமாருக்கு இதை நீ கையைக் காலை ஆட்டிச் சொன்னாய். குதிரை கடைசி வேலியைத் தாண்டிய இடத்தில் மேசையில் ஒரு தட்டும் தட்டினாய். அப்பா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒருவரும் கேட்காத வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். மகன், அந்தக் கதையில் இரண்டு பொய் இருக்கிறது. ஒன்று என்னுடையது, மற்றது அப்பாவுடையது. என்னுடையதை இருபது வருடமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அவருடையது எனக்குப் போன ஞாயிறுதான் தெரியவந்தது.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். கொப்பியைத் திறந்தாயானால் எழுத்து ஆருடையது என்று உனக்கு உடனே தெரிந்துவிடும். உன் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறை போட்டுப் பெயர் எழுதிய அதே கைதான். எங்கள் வீட்டில் குதிரை பார்த்தது அப்பா இல்லை, நான். கலியாணத்துக்கு முன்னர் நான் ஒரு கப்பல் ஏஜன்சிக் கந்தோரில் டைப் அடித்தவள் என்பது உனக்குத் தெரியும். அப்பா எங்கிருந்தோ ஒரு ரேஸ் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்து, "இதில என்ன கிடக்கு எண்டு ஒருக்கா வாசி" என்று நீட்டினார். அதிலுள்ள ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை. நான் மீன் வெட்டிக்கொண்டே வாசித்துச் சொன்னேன். வாசிக்க வாசிக்க, அது கதைப் புத்தகத்தைவிட நன்றாக இருந்தது. இந்தக் குதிரை வெல்லும் போலிருக்கே என்று சும்மா ஒரு பெயரைச் சொன்னேன். அது வென்றது. அவர் அன்றைக்குத் தேத்தண்ணிக் காசுதான் கட்டியிருந்தார். எனக்கு ஒரு சோடி கண்ணாடிக் காப்பும் உனக்கு ஒரு பந்தும் வாங்கிவந்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் எனக்கு அதுதான் வேலை. எப்படிப் பார்த்தேன் என்று கேட்டாயல்லவா, சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. பேப்பரில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு ஓட்டம் இருக்கும். ஒவ்வொன்றிலும் எட்டு, பத்து, சில நேரம் பதினாறு குதிரை. பெயருக்குப் பக்கத்தில் அதன் வயது, சுமக்கும் பாரம், ஜொக்கி ஆர், கடைசியாக ஓடிய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது என்று எல்லாம் இருக்கும். ஆம்பிளைகள் எல்லாரும் வெல்லும் குதிரையைத் தேடுவார்கள். நான் தோற்கும் குதிரைகளைத் தேடினேன். மாதக்கணக்காக ஓடாமல் நின்றுவிட்டு வருவதை வெட்டுவேன். கிட்டத் தூரத்தில் வென்றுவிட்டு முதல் தரமாக நீண்ட தூரம் ஓட வருவதை வெட்டுவேன். போன கிழமை வென்றதற்காக இந்தக் கிழமை பாரம் ஏற்றப்பட்டதை வெட்டுவேன். ஓட்டம் நடக்கிற இங்கிலாந்தில் மழை என்றால், காய்ந்த தரையில் மட்டும் கெட்டித்தனம் காட்டியது எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வெட்டுவேன். கடைசியில் இரண்டு மூன்று மிஞ்சும். அதில் போன தரம் மூன்றாவதாக வந்ததை எனக்குப் பிடிக்கும். முதலாவதை ஊரே பார்க்கும், மூன்றாவது என்ன பாடுபட்டு வந்தது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை.

சின்னக் குதிரைகள் எல்லாம் முதல் தரமாக ஓடுகிற ஓட்டம் என்றால் ஒன்றையும் தொடமாட்டேன். ஒரு விபரமும் இல்லாத இடத்தில் போய்க் கெட்டிக்காரி மாதிரி நிற்கக்கூடாது. ஏழு ஓட்டத்தில் ஐந்தை அப்படியே விட்டுவிடுவேன். கொப்பியைப் புரட்டும்போது வெறும் பக்கம் நிறைய இருக்கும், மறதி என்று நினைக்காதே, அவைதான் என் திறமை. (மூன்றாவது கொப்பியின் நடுப்பக்கங்கள் மட்டும் வேறு கதை. மழையில் நனைந்ததைக் கொடியில் காயப்போட்டேன், ஒழுங்கையில் திரிகிற மான் வந்து தின்றுவிட்டுப் போய்விட்டது.) கோடு போட்ட குதிரைக்குப் பக்கத்தில் ஏன் கோடு போட்டேன் என்று ஒரு வரி எழுதுவேன். கந்தோரில் எதை வெட்டினாலும் எதைச் சேர்த்தாலும் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும், அந்தப் பழக்கம் போகவில்லை. "ஈரத் தரை பிடிக்கும், பாரம் குறைவு." "நல்ல ஜொக்கி திரும்பி வந்திருக்கிறான்." இப்படி. இவ்வளவு பார்த்தும் வென்றதைவிடத் தோற்றதுதான் கூட. அதை மட்டும் ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

பெயர் என்னவோ அப்பாவுக்குத்தான் வந்தது. கொப்பியைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு அவர் ஒழுங்கையால் போகும்போது, "மாஸ்டர், இண்டைக்கு எது?" என்று கேட்பார்கள். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார், பிறகு நான் சொன்னதைச் சொல்லுவார். அந்த நடிப்பை நான் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஆனால் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்தான். கோயிலில் பாட்டுப் பாடுகிறவள் வீட்டில் இருந்து குதிரை பார்க்கிறாள் என்று பங்குச் சுவாமியின் காதுக்குப் போனால் என்ன ஆகும்? பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை. ஆங்கிலம் வாசிப்பது பாவமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.

பிறகு மெல்ல மெல்ல அப்பா மாறினார். தேத்தண்ணிக் காசு நாட்கூலியாகியது. நான் விட்டுவிட்ட ஓட்டங்களைக் காட்டி, "மற்ற அஞ்சிலையும் ஏதாவது சொல்லன்" என்று நிற்கத் தொடங்கினார். ஏலாது என்றால் தானே ஒன்றைத் தெரிவுசெய்துகொண்டு போய்த் தோற்றுவிட்டு வருவார். நான் சொன்ன இரண்டால் வந்தது அவர் தெரிவுசெய்த ஐந்தால் போய்விடும். அந்த நத்தார் மாதம் மழை விடவே இல்லை, கிடுகு உக்கிப்போய் வீட்டுக்குள் ஒழுகாத இடம் உன் கட்டிலின் கால்மாடு மட்டும்தான். உன் புத்தகப் பையைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை மதியம் அப்பா வேலைத்தலத்தில் கொடுத்த பண்டிகை முற்பணத்தை முழுதாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இண்டைக்கு ஒண்டு தா. இவ்வளவையும் அதிலதான் போடப்போறன். வெண்டா கூரை போட்டிடலாம்" என்றார். அவருடைய கண்ணைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற கண் அது இல்லை.

நான் செய்த பிழை அங்கேதான். வாய் திறந்து மறிக்காமல், ஒரு தரம் வடிவாக அடிபட்டால் இந்த மனிதன் திருந்திவிடுவார் என்று முடிவு கட்டினேன். பேப்பரை விரித்துவைத்து அன்றைக்கு ஓடுகிற குதிரைகளிலேயே மோசமானதைத் தேடினேன். அது வேலி பாய்கிற ஓட்டம். ஓல்ட் பட்டன் என்று ஒரு பதினொரு வயதுக் குதிரை. அதற்கு முன் ஐந்து தரம் ஓடி, மூன்றில் கடைசிக் குதிரைகளோடு வந்து, இரண்டில் விழுந்திருந்தது. ஜொக்கி புதுப் பையன். அதன் பெயரைக் கொப்பியில் எழுதி அழுத்திக் கோடு போட்டேன். அப்பா எட்டிப் பார்த்தார். "இதோ?" என்றார். "ஓம், இதுதான்" என்றேன். ஒரு நிமிடம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காசையும் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். நான் செபமாலையை எடுத்தேன். தன் வீட்டு நத்தார்க் காசு தொலைய வேண்டும் என்று செபமாலை சொன்ன பெண் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பொழுதுபட்டு விளக்கு வைத்த பிறகு, ஒழுங்கை ஆட்கள் மூன்று பேர் மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்தார்கள். "அக்கா, ஓல்ட் பட்டன் வெண்டிட்டுது. முன்னால போன நாலும் ஒரே வேலியில விழுந்து, இது மட்டும் ஆடி ஆடி வந்து சேர்ந்தது. அண்ணன் லைனில நிண்டவர், நாங்கள் கண்டனாங்கள்" என்றார்கள். நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் பயத்தில் அழுதேன். தோற்கத் தந்த குதிரை வென்றால் இனி இந்த மனிதனை ஆர் பிடித்து நிறுத்துவது? சற்று நேரத்தில் அப்பா வந்தார். நீ ஓடிப்போய் அவருடைய ஈரக் கழுத்தில் தொங்கினாய். உன் தலைக்கு மேலால் அவர் என்னைப் பார்த்தார். ஒரு மாதிரியான பார்வை. வென்ற மனிதன் இப்படித்தான் பார்ப்பான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

காசைக் கேட்டு ஒழுங்கையில் ஆட்கள் வந்தபோது, "கையில வச்சிருந்தாச் செலவழிஞ்சிடும், போஸ்ட் ஒஃபீசில போட்டு வைக்கப்போறன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ரேஸ் பக்கம் போகவே இல்லை. நான் பயந்ததற்கு எல்லாம் நேர்மாறு. வென்ற கையோடு நிறுத்திய மனிதன் என்று ஊர் மெச்சியது. நானும் மெச்சினேன். சமாதானக் காலம், கப்பல் நிறைய வருகிறது என்று சொல்லி கிட்டத்தட்ட ஒரு வருடம் இரட்டை வேலை செய்தார். மா மூட்டை தூக்கித் தலைமயிரில் மாவோடு வந்து, சாப்பிட்டு, படுத்து, எழும்பிப் போவார். அடுத்த மழைக்கு முன் சீற் வந்து இறங்கியது. குதிரையின் போன ஐந்து ஓட்டத்தையும் வைத்து அதன் குணத்தைச் சொல்கிற நான், என் கண்ணுக்கு முன்னால் மாவோடு வந்துபோன மனிதனைப் பார்த்து, ஏன் இவ்வளவு வேலை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கொப்பிகளைச் சேலைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு அலுமாரியைப் பூட்டினேன். உங்களைத் தோற்கடிக்கப் பார்த்தேன் என்று வென்ற மனிதனிடம் எப்படிச் சொல்வது? நாள் போகப் போக அந்தக் கதை உன் வாயில் வளர்ந்தது, நானும் வாழைப்பழம் உரிக்கப் பழகிக்கொண்டேன்.

போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு அலுமாரியைத் திறந்து கொப்பிகளை எடுத்தேன். கடைசிக் கொப்பியின் உறைக்குள் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் ஒரு பந்தயத் துண்டு. நீ போனில் கட்டப்போகிறவன், உனக்கு இது தெரியாமலிருக்கலாம். அந்தக் காலத்தில் புக்கியில் ஒரு துண்டில் ஓட்டத்தையும் குதிரையின் பெயரையும் தொகையையும் எழுதிக் காசோடு யன்னலில் கொடுக்க வேண்டும். அவர்கள் சீல் குத்தித் தருவார்கள். வென்றால் சீல் குத்திய துண்டைத் திருப்பிக் கொடுத்துத்தான் காசு வாங்கலாம். இந்தத் துண்டில் அப்பாவின் கோணல் எழுத்தில் ஓல்ட் பட்டன் என்று இருந்தது. சீல் இல்லை.

அப்பா வெளியே கதிரையில் இருந்து ரேடியோவுக்கு பற்றரி மாற்றிக்கொண்டிருந்தார். துண்டை அவருடைய மடியில் வைத்தேன். பார்த்தார். பற்றரியைக் கீழே வைத்தார்.

"நீங்கள் அண்டைக்குக் கட்டேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார்.

"லைனில நிண்டனீங்கள் எண்டு அவங்கள் சொன்னாங்களே."

"நிண்டனான். எனக்கு முன்னால ரெண்டு பேர்தான். காசை எடுப்பம் எண்டு பையைத் திறந்தா கொப்பி வந்தது. சும்மா ஒருக்கா விரிச்சுப் பார்த்தன். நீ காரணம் எழுதாமல் ஒரு குதிரைக்கும் கோடு போட்டதில்ல. அண்டைக்குக் கோடு மட்டும் கிடந்தது, காரணத்தைக் காணேல்ல."

அவர் தொடர்ந்து சொன்னார். லைனை விட்டு விலகி, பக்கத்திலிருந்த மூதூர் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்தாராம். நானா தொழுகை தவறாத முஸ்லிம், சூதுக்குக் கிட்டவும் போகாத மனிதர், ரேஸ் நாளில் கடைக்கு வருகிறவர்களைத் திட்டித் திட்டியே தேத்தண்ணி கொடுப்பார். "என்ன தம்பி, உள்ளுக்கு ரேஸ் தொடங்கிட்டு, நீ இஞ்ச இரிக்காய்?" என்று கேட்டிருக்கிறார். "இண்டைக்கு எனக்குக் குதிரை இல்லை நானா" என்று இவர் சொன்னாராம். இரண்டாவது பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கும்போது புக்கிக்குள் பெரிய சத்தம் கேட்டதாம். வெளியே வந்த ஒருவன் குதிரையின் பெயரைச் சொன்னானாம். "சிரிக்கிறதோ அழுறதோ எண்டு எனக்குத் தெரியேல்ல. நானா என்ர முகத்தைப் பார்த்திட்டுக் காசு வேண்டாம் எண்டிட்டார்" என்றார் அப்பா.

"வீட்டை வந்து ஏன் சொல்லேல்ல?"

"சொல்லத்தான் வந்தனான். வாசலில மூண்டு பேர். மகன் கழுத்தில தொங்குறான். நீ நிலத்தில இருந்து அழுறாய். அந்த நேரம் நான் கட்டேல்ல எண்டு சொல்லுற ஆம்பிளை ஆர்? நாப்பது மடங்கு வாற குதிரையைக் கையில வச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சவன் எண்டு சாகுமட்டும் சிரிப்பாங்கள். பேந்து, சரி, வெண்டதாகவே இருக்கட்டும், கூரையைப் போட்டிட்டா பொய் இல்லைத்தானே எண்டு நினைச்சன்."

அப்படித்தான் அந்தக் கூரை வந்தது. பண்டிகை முற்பணத்தை ஒரு சதமும் தொடாமல் போஸ்ட் ஒஃபீசில் போட்டு, மிச்சத்தை மூட்டை மூட்டையாகச் சேர்த்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு இனி அடக்க முடியவில்லை. "நான் அந்தக் குதிரையைத் தோற்கத்தான் தந்தனான்" என்று சொல்லிவிட்டேன். இருபது வருடத்துப் பாரம், ஒரு வரியில் போய்விட்டது. அவர் பற்றரியை எடுத்து ரேடியோவுக்குள் போட்டார். "தெரியும்" என்றார்.

"கோவம் வரேல்லையோ?"

"வந்தது. மூதூர் லோஞ்சுப் படகு போற மட்டும் இறங்குதுறையில நிண்டு கோவப்பட்டனான். பேந்து யோசிச்சன். வேண்டாம் எண்டு நேர சொன்னாக் கேக்கிற மனிசனா நான் அண்டைக்கு இருக்கேல்ல. உனக்கு வேற வழி இல்லை."

இந்தத் துண்டை ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "எறிய மனம் வரேல்ல. நான் புத்தியா நடந்த நாள் எத்தினை எண்டு உனக்குத் தெரியும்தானே" என்றார். நான் சிரிக்கத் தொடங்கினேன், அவரும் சிரித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உன் தாயும் தகப்பனும் இருபது வருடமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழ், ஒரே தலையணையில் படுத்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. மனம் நிறைந்தும் கிடக்கிறது. இந்த மனிதனுக்கு என் எழுத்தை வாசிக்கத் தெரியாது என்றல்லவா அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் எழுதாமல் விட்டதையும் வாசித்திருக்கிறார்.

இந்தக் கிழமை முழுவதும் வீட்டில் ஒரே விளையாட்டுத்தான். அப்பா திங்கட்கிழமை மீன் வாங்கப் போனவர் ஒரு ரேஸ் பேப்பரும் வாங்கிவந்தார். மதியம் சாப்பிட்ட பிறகு ஆளுக்கொரு பென்சிலோடு இருக்கிறோம். நான் பழையபடி வெட்டி வெட்டிப் பார்க்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கிறார். நீ விட்டுப்போன பழைய போனில் முடிவைப் பார்ப்போம். ஒரு சதமும் கட்டுவதில்லை, தோற்றவர் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். நான்கு நாளில் மூன்று நாள் நான்தான் ஊற்றினேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. விரல் வைத்த மனிதன் கதிரையில் சாய்ந்துகொண்டு, "சீனி காணாது" என்று வேறு சொல்கிறார். இந்த ஓய்வு காலம் எங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, மகன். தூரத்தில் இருந்துகொண்டு எங்களுக்காகக் கவலைப்படாதே.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை கட்டாதே என்று சொன்னால் நீ கேட்கமாட்டாய், நீ அவருடைய மகன். பிழையான குதிரையைச் சொல்லி உன்னைத் திருத்தவும் மாட்டேன், ஒரு ஆளை அப்படி ஏமாற்றியது போதும். எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் நேராகச் சொல்கிறேன். அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுதான், சொல்லவில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்று. சனிக்கிழமைப் பேப்பரை எடு. உனக்குப் பிடித்த குதிரைக்குக் கோடு போடு. பக்கத்தில் காரணத்தை எழுது. "அப்பா மாதிரி" என்பது காரணமில்லை, அப்பா அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் இருந்தார். எழுதியதை நிரோஜாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல். அந்தக் காசில் பாதி அவளுடையது. பள்ளிக்கூடம் முடிந்து ரியூஷன் கொடுத்து அவள் சேர்த்தது உனக்குத் தெரியும். அவளுடைய முகத்துக்கு நேரே வாசித்துக்காட்ட ஏலாத காரணம் என்றால், அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடு. ஒரு அறையும் குசினியும் போதும். நாங்கள் தொடங்கும்போது அதுவும் ஒழுகியது.

அவளுக்கு இந்தக் கடிதத்தையும் வாசிக்கக் கொடு. மாமியார் குதிரை பார்த்தவ என்று தெரிந்து பயந்து ஓடினால் ஓடட்டும். அவள் ஓடமாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் நீ கதை சொல்லும்போது அவள் உன்னைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கத் தெரிந்த பெண்ணிடம் ஒளித்து ஒரு காரியம் செய்யாதே, கடைசியில் நீதான் வெட்கப்படுவாய்.

சரி, இனிப் பையைத் திற. கடைசிக் கொப்பியின் உறைக்குள் அந்தத் துண்டு இருக்கிறது. எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார். எங்கேயும் சீல் இல்லை. நீ படுத்துறங்கி, படித்து, வளர்ந்த அந்தக் கூரையில் ஒரு சீற்கூடக் குதிரையால் வந்ததில்லை.

பார்த்துவிட்டாயானால் தலையை நிமிர்த்து. அப்பா இன்னும் யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கேட்காதே. அவருடைய முதுகுக்கு ஒரு தலையணை எடுத்து வை.

அம்மா